இருதரப்பினரும்

ஆலடிக்குளத்து நடுமடையில் அந்தக் கல்
எந்தக் காலத்திலிருந்தோ குப்புறக் கிடந்து
தண்ணீரை அடைத்துக்கொண்டிருந்தது.
தூர்வார வந்த பொக்லைன்
ஒரு செவ்வாய்க்கிழமை அதைப் புரட்டிப் போட்டது.
முதுகில் எழுத்து.
புதன்கிழமை அதற்கு மஞ்சள் பூசியிருந்தது.
வியாழக்கிழமை பச்சைத் துணி.
வெள்ளிக்கிழமை ஊருக்குள் பஸ் வரவில்லை.

சேரன்மகாதேவி கோட்டாட்சியர் அலுவலகத்தில்
பதினோரு வருஷமாக நான் தட்டச்சர்.
அமைதிக் கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பு
'இருதரப்பினரும்' என்றே தொடங்கும்.
பழைய கோப்பைத் திறந்து
ஊர்ப்பெயரை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம் இசக்கிப்பாண்டி,
அந்தப் பக்கம் செய்யது மசூது.
இவருக்கு ஏழு மரக்கால் விதைப்பாடு, அவருக்கு ஐந்து,
ஒரே மடைப் பாய்ச்சல்.
போன கார் வரைக்கும் வரப்பில் நின்று
'ஏ மூதி' என்று ஏசிக்கொண்டவர்கள்
அன்றைக்கு ஒருவரையொருவர்
'நீங்கள்' என்றார்கள்.
எனக்கு அங்கேதான் பயம் பிடித்தது.

அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள்
வெளியூர்க் காரில் வந்தவர்கள்.
எண்ணூறு வருஷம் என்றார் ஒருவர்.
ஆயிரம், என்றார் மற்றவர்.
ஆயிரத்து இருநூறு!
பாவூர்சத்திரம் சந்தையில்
கத்தரிக்காய்க்கு இப்படித்தான் ஏறும்.

கல்வெட்டுத் துறைப் பையன் ஒருவன்
ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி
மசி ஒற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.
வட்டெழுத்து.
அந்த அறையில் அவனைத் தவிர
ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது.
வலப்பக்கம் உடைந்துவிட்டது என்றான்.
மிச்சத்தில் தெளிவாக இருப்பது ஒரு சொல்:
பள்ளிக்கு.

'பாத்தேரா, பள்ளியறைலா! சாமி உறங்குத இடம்.'
'பள்ளின்னா பள்ளிவாசல். பச்சப்பிள்ளயக் கேளும்.'
பையன் எச்சில் விழுங்கினான்.
'சமணப் பள்ளியாக்கூட இருக்கலாம் சார்.'
அந்தத் தரப்புக்குக் கையெழுத்துப் போட
ஆள் யாரும் வந்திருக்கவில்லை.
டீத்தட்டோடு நின்ற மூக்கம்மா
'பிள்ளேள் படிக்கதுதான பள்ளி' என்றாள்.
அதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்றார்கள்.

எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் குனிந்து
'நீங்க எந்தப் பக்கம்மா?' என்றார்.
என் கழுத்தில் கிடப்பது என்னவென்று
அவர் கண் தேடியது.
சேலைத்தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு
'டைப்பிஸ்ட்' என்றேன்.

கல்லை லாரியில் ஏற்றி
ஜீப் செட்டில் இறக்கி, அரக்கு முத்திரை வைத்து
தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.
மார்கழியில் தேர்தல்.
சுவரெல்லாம் அந்தக் கல்தான்.
இரண்டு சுவரொட்டியிலும்
அது உடையாமல் இருந்தது.

ஆலடிக்குளம் நடுநிலைப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு அறை.
விரலுக்கு மை வைப்பது என் பொறுப்பு.
இசக்கிப்பாண்டி நகத்தில் சேறு காய்ந்திருந்தது.
துணியால் துடைத்துவிட்டு வைத்தேன்.
மூன்று ஆள் தள்ளி மசூது.
அதே சேறு.
வரிசை எண், பெயர், கையொப்பம்.
தரப்பு என்று ஒரு கட்டம்
அந்தப் பதிவேட்டில் கிடையாது.
அன்று ஒரு நாள் எனக்குக்
கை வலிக்கவில்லை.

யார் ஜெயித்தார்கள் என்பதைச் சொல்லப்போவதில்லை.
வெடி இரண்டு தெருவிலும் கேட்டது.

தை பிறந்து
திங்கட்கிழமை இசக்கிப்பாண்டி ஒரு மனு கொண்டுவந்தார்.
வியாழக்கிழமை மசூது.
ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடி மனு எழுதுபவரின் கை,
அட்சரம் பிசகாமல் ஒரே வாசகம்:
மடை பொள்ளிப் போச்சு, பிசானம் கருகுது,
ஐயா சமூகம் தயவு செய்து
எங்கள் கல்லைத் திருப்பித் தர வேண்டும்.

விதிப்படி
தரப்புக்கு ஒன்றாக இரண்டு கோப்பு திறந்து
இரண்டு நாடா கட்டினேன்.
தண்ணீர் ஒரே ஓட்டையில்
போய்க்கொண்டிருந்தது.